ஆறு சுண்டெலிகள்

நான் எட்டாவது வரைதான் படித்தேன். பெங்களூரில் ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு கூடத்தில் ஆட்டுக்கொட்டகை வேலை. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்களே, அந்த மருந்து. இப்போது அதை நிறுத்திவிட்டார்கள். தொண்ணூறுகளில் அது ஆட்டு மூளையிலிருந்துதான் வந்தது.

ஆட்டை மூன்று பேர் அமுக்கிப் பிடிப்போம். உச்சியில் மயிரை மழித்து, மண்டையில் துளை போட்டு, வெறிநோய்க் கிருமியை டாக்டரம்மா மூளைக்குள் ஏற்றுவார். ஐந்தாறு நாளில் ஆடு நடுங்கும், பல்லை நறநறக்கும், பின்னங்கால் இழுபடும், பிறகு நாலு காலும் மரத்து விழுந்துவிடும். உயிர் போவதற்கு முன்னால் கழுத்தை அறுத்து, மண்டையைத் திறந்து, மூளையைச் சிதையாமல் எடுக்க வேண்டும். அறுப்பது என் வேலை. கோயிலில் ஆட்டின்மேல் தண்ணீர் தெளித்தால் அது உடம்பைச் சிலுப்பும், அதுதான் உத்தரவு. எங்கள் ஆடு சிலுப்பாது, அதற்குத் தெம்பு ஏது. அதனால் நானே "தாயே, உத்தரவு கொடு" என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு கத்தியை வைப்பேன். ஆடு சீக்கிரம் விழுந்தால் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். விழாத ஆடு வீண்.

அப்போது ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். ஒரு ஆடி வெள்ளிக்கிழமை காலை, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன என் மனைவியை ஒரு நாய் கெண்டைக்காலில் கவ்வியது. அலறல் கேட்டு ஓடினேன். சதை கிழிந்து தொங்கியது. நாயைச் சுவரோரம் மடக்கி நாலைந்து பேர் கட்டையாலும் கடப்பாரையாலும் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகு ஒடிந்தும் அது முன்னங்காலால் ஊர்ந்தது.

"தலையில அடிக்காதீங்கப்பா! தலை வேணும்!" என்று கத்தினேன்.

"ஏன், உன் மச்சானா அது?" என்றான் கடப்பாரைக்காரன். சிரித்தார்கள்.

தலை நசுங்கினால் மூளையைச் சோதித்துப் பார்க்க முடியாது. அதை விளக்கிச் சொல்ல நேரமில்லை. அவன் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கி நானே நெஞ்சில் ஓங்கிக் குத்தினேன். அடங்கியது. வீட்டு அரிவாளால் கழுத்தை அறுத்தேன். புரட்டும்போதுதான் பார்த்தேன், மடி பால் கட்டி விம்மியிருந்தது. குட்டி போட்ட நாய். குட்டிக்குப் பக்கத்தில் போனதற்காகக் கடித்ததோ, வெறியில் கடித்ததோ, யார் கண்டது?

மனைவியின் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, என் தங்கையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தலையை வாளியில் போட்டு மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். சிவாஜிநகரில் இறங்கி மீன் கடையில் ஐஸ் கேட்டேன்.

"என்னா மீன் அண்ணே?"

"நாய்த்தலை."

அவன் விளையாட்டு என்று நினைத்து இரண்டு கை கூடுதலாகவே அள்ளிப் போட்டான்.

எங்கள் கூடத்திலேயே ஓரத்தில் சோதனை அறை இருந்தது. டாக்டரம்மா நாயின் மூளையைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "இதுல ஒன்னும் தெரியல. ஆனா தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தம் கிடையாது" என்றார். அந்த மூளையைக் கரைத்து ஆறு சுண்டெலிகளின் மண்டைக்குள் ஏற்றினார்கள். நாய்க்கு வெறி இருந்திருந்தால் எலிகள் விழும். இருபத்தொரு நாள் பார்க்க வேண்டும். அதற்காக ஊசியை நிறுத்தி வைக்கக் கூடாது.

வாழ்க்கையில் முதல் தடவையாக, கிருமி ஏற்றிய உயிர் விழக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். காலையில் வேலைக்குப் போனதும் கொட்டகைக்குப் போகுமுன் எலி அறைக்குப் போய்க் கூண்டுக்குத் தூரத்திலிருந்தே விபூதி காட்டுவேன். எலி அறையைப் பார்த்துக்கொண்ட பாய் திட்டுவார். "அண்ணே, விபூதி உள்ள கொட்டுச்சுன்னா டாக்டரம்மா என்னைக் கூண்டுல போடும்." ஆனால் அவரும் தொழுகையில் எலிகளுக்காக ஒரு துஆ கேட்டதாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் ஒரு எலி செத்துக் கிடந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடப் பார்த்தேன். பாய்தான் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இது ஊசி குத்துல செத்தது. வெறின்னா இத்தனை சீக்கிரம் வராது. இது கணக்கு இல்ல."

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நாளுக்கொரு ஊசி. வயிறு முழுக்கக் கட்டி கட்டியாக வீங்கிச் சிவந்தது. அதிலும் அவள் வாய் ஓயாது. "ஏங்க, ஆடி மாசம் கவுச்சியே தொடாதவ நான். என் வயித்துல ஆட்டு மூளையை ஏத்துறீங்களே, ஆத்தா ஒத்துக்குவாளா?" என்பாள். அப்புறம், "நம்ம எலிங்க எப்படி இருக்கு?" தினமும் அதைக் கேட்காமல் இருக்க மாட்டாள்.

ஐந்தாறு நாள் கழித்து சாக்கடை மோரிப் பாலத்தடியில் அந்த நாயின் குட்டிகள் மூன்று செத்து ஊறிக் கிடந்ததைப் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை.

பதினோராம் நாள் காலை அவள் பாயிலிருந்து எழுந்தாள், அப்படியே விழுந்தாள். இடுப்புக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல இருக்கிறதாம். சிறுநீர் போகவில்லை. இழுபடும் அந்தக் காலைப் பார்த்ததும் எனக்குக் கொட்டகைதான் கண்ணில் தெரிந்தது. பின்னங்கால் இழுத்த எத்தனை ஆடுகளைச் சந்தோஷமாகப் பார்த்திருக்கிறேன்! சுவரில் தலையை மோதிக்கொண்டேன். நெற்றி பிளந்து ரத்தம் வந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "உடம்புக்குள்ள ஒரு படை இருக்குப்பா. செத்த கிருமியைக் காட்டி அதுக்குச் சண்டை பழக்குறோம். ஆனா கிருமியோட ஆட்டு மூளையும் உள்ள போகுது. சில பேருக்கு அந்தப் படை ஆளு தெரியாம சொந்த நரம்பையே அடிக்க ஆரம்பிச்சிடும். ஊசியை நிறுத்தலைன்னா கால் போகலாம், மூச்சே நிக்கலாம். நிறுத்தி, நாய்க்கு வெறி இருந்திருந்தா, பிழைக்க வழியே இல்ல. நாயோட ரிசல்ட் என்னாச்சு?"

"அஞ்சு எலி, சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

பாய் கூண்டைக் காட்டினார். நாலு எலி தவிட்டைக் கிளறிக்கொண்டிருந்தன. ஐந்தாவது மூலையில் கூனிக் கிடந்தது. மயிர் சிலிர்த்திருந்தது.

"தாயே!" என்று அறை அதிரக் கத்திவிட்டேன்.

பாய் கையுறை போட்டு அதை வாலைப் பிடித்துத் தூக்கினார். அது நாலு காலாலும் காற்றை உதைத்தது, வளைந்து எம்பி அவர் விரலைக் கடித்தது. "அல்லா! பல்லைப் பாரு!" என்று உதறிவிட்டுச் சிரித்தார். எலியின் முதுகில் பல் தடம் இருந்தது. மற்ற எலிகள் கடித்துக் குதறியிருக்கின்றன. நோய் இல்லை, சண்டை.

டாக்டரம்மா வந்து ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இருபத்தொன்னு ஆகல, நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா என் அக்கா அங்க படுத்திருந்தா, நிறுத்தச் சொல்லுவேன். ஹெதர்பேடி" என்று, பயப்படாதே என்பதைக் கன்னடத்தில் சொல்லி, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஊசியை நிறுத்தினார்கள். அந்தப் படையை அடக்க வேறு மருந்து ஏற்றினார்கள்.

மீதிப் பத்து நாளும் நான் ஆடு அறுத்தேன், எலி பார்த்தேன், ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒரு நாளுக்கு ஏழெட்டுக் கழுத்து. கத்தி வைக்கும்போது உத்தரவு கேட்க மனசு வரவில்லை. அம்மன் என்ன பதில் சொல்வாளோ என்று பயம்.

இருபத்தொன்றாம் நாளும் ஐந்தும் உயிரோடு இருந்தன. நாய்க்கு வெறி இல்லை. குட்டிக்காகத்தான் கடித்திருக்கிறது. அதைக் கொன்றது நான், மனைவியின் காலை முடக்கியது நாங்கள் செய்த மருந்து. ஆனால் அவள் பிழைத்துவிட்டாள்.

"எலிங்களை என்ன பண்ணுவீங்க பாய்?"

"ஊசி போட்டது இந்த ரூமை விட்டு உயிரோட போகக் கூடாது அண்ணே. அதான் ரூல்ஸ்."

"நான் பண்றேன்."

அவர் கையுறையைக் கொடுத்தார். எலியை மேஜையில் வைத்து, கழுத்தின் மேல் பென்சிலை அழுத்தி, வாலை வெடுக்கென்று இழுக்க வேண்டும். சின்னதாக ஒரு சத்தம் வரும். ஒவ்வொன்றுக்கும் உத்தரவு கேட்டேன். அம்மனிடம் இல்லை, அந்த எலியிடமே கேட்டேன். நாலு முடிந்தது. ஐந்தாவது அந்தக் கடிபட்ட எலி. கடைசிவரை பின்னங்கால் இரண்டாலும் என் உள்ளங்கையை உதைத்துக்கொண்டே இருந்தது. நல்ல பலமான கால்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். இடது பாதம் மட்டும் இழுத்தது. இன்றைக்கும் இழுக்கிறது.

"நம்ம எலிங்க?" என்றாள்.

பொய் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. "அஞ்சும் கடைசிவரைக்கும் நல்லா இருந்துச்சு. இன்னிக்கு என் கையால முடிச்சேன்" என்றேன். நாயின் மடியையும் குட்டிகளையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு கம்பியை விட்டுவிட்டு, இரண்டடி இழுத்து இழுத்து நடந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டாள். "கழுவுனீங்களா?" என்றாள்.

"கழுவினேன்."

"இன்னொரு தடவை கழுவிட்டு வாங்க. அதுங்களுக்கும் சேத்து விபூதி வச்சிக்கலாம்."