ரப்பர் வைக்காத இன்ஜின்

மரக்காணம் உப்பளத்தில் இன்ஜின் பார்க்கிற பஞ்சநாதனுக்குத் திமிர் அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. கூப்பிட்டால் திரும்ப மாட்டார், கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார், எதிரே நிற்பவர் நாலு வார்த்தை பேசினால் ஒரு தலையாட்டலோடு முடித்துவிடுவார் என்பார்கள். யார் சொன்னாலும் சரி, அது திமிர் கிடையாது. அவருக்குக் காது கேட்காது.

முப்பது வருஷம் ஆயில் இன்ஜின் பக்கத்திலேயே நின்றால் யாருக்குத்தான் கேட்கும்? உப்பளத்துக் கொட்டகைக்கு நாலு பக்கமும் தகரம். உள்ளே இன்ஜின் அடித்தால் தகரமும் சேர்ந்து அடிக்கும். வலது காது முதலில் போனது. தனியாக இருந்து என்ன செய்வது என்று இடது காதும் இரண்டு வருஷத்தில் பின்னாலேயே போனது. இது நடந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி பாப்பாத்திதான்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் பிழைப்பு போய்விடும். பம்பு தண்ணீர் இழுக்கிறதா, காற்றை இழுக்கிறதா என்று சத்தத்தை வைத்துத்தான் எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். கேட்காத ஆளை நம்பி எந்த முதலாளி இன்ஜினைக் கொடுப்பார்? கடைத்தெருவில் சரவணகுமார் என்று ஒரு மெக்கானிக் புதிதாகக் கடை போட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தான்.

பஞ்சநாதனுக்கு வேறு வழி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நிற்பார். கொட்டகைக்குள் ஓடுகிற இன்ஜின் என்ன செய்கிறது என்பது கால் வழியாக ஏறிவரும். சந்தேகம் இருந்தால் திருப்புளியின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைப் பல்லால் கடித்துக்கொள்வார். எந்த வால்வு, எந்த பேரிங் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதே இல்லை. காது இருக்கிறவர்கள் சொன்னது பல தடவை தப்பியிருக்கிறது.

ஆட்கள் பேசுவதுதான் தொல்லை. அதற்குப் பாப்பாத்தி இருந்தாள். சோறு கொண்டுவரும் சாக்கில் கூடவே வருவாள். யாராவது முதுகுப்பக்கம் நின்று பேசினால் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பாள். பதில் வரத் தாமதமானால், "யோசிக்கிறாரு" என்பாள். ஒரு தடவை ஒருவர், "சாப்ட்டீங்களா?" என்று கேட்டதற்கும் பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டாள். அதற்கு அப்புறம் பஞ்சநாதனை இன்னும் பெரிய ஆளாக நினைத்தார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், மழைக்காலம். அளம் முழுக்கத் தண்ணீர் நின்றதால் இன்ஜின் வேலை ஒன்றும் இல்லை. அளம் வைத்திருந்த ராஜாங்கம் அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய பெட்ரோல் ஜீப்பை ஏலத்தில் எடுத்து வந்தார். நல்ல வண்டி. பெட்ரோல் மட்டும் போட்டால் போதும், போட்டுக்கொண்டே இருந்தால் போதும். பாண்டிச்சேரிக்குப் போய் வருவதற்குள் டிரைவர் கலியன் இரண்டு இடத்தில் பங்க்கில் நிறுத்தினான்.

ராஜாங்கம் வண்டியோடு பஞ்சநாதன் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"ஏம்பா பஞ்சநாதா, இதுல டீசல் இன்ஜின் வெச்சித் தர முடியுமா?"

முகத்துக்கு நேராகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். புரிந்தது. ஆனாலும் உடனே பதில் சொல்லவில்லை.

"யோசிக்கிறாரு" என்றாள் பாப்பாத்தி.

இந்தத் தடவை நிஜமாகவே யோசித்தார். அவர் கை வைத்த இன்ஜின் எல்லாம் போல்ட்டு போட்ட இடத்திலேயே நின்று வயசானவை. ஒன்றுகூட ஒரு அடி நகர்ந்ததில்லை. தான் மாட்டிய இன்ஜின் ஒன்று ரோட்டில் போனால் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஓர் ஆசை. ஐம்பத்தாறு வயதில் வரக்கூடாத ஆசை இல்லை அது.

"வெச்சிடலாம்" என்றார்.

பனைமரத்தில் மோதி நசுங்கிய வேன் ஒன்றின் டீசல் இன்ஜின் பாண்டிச்சேரி பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. வீட்டுப் பின்பக்கம் மூன்று சவுக்குக் கட்டையை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக் மாட்டி, பெட்ரோல் இன்ஜினைத் தூக்கி வெளியே வைத்தார்கள். புதிதாக வருவது அதைவிட நல்ல கனம். வண்டியின் மூக்கு தரையை முகரக்கூடாது என்று முன்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை அதிகம் சேர்த்தார். இன்ஜினும் கியர்பாக்சும் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. இரண்டுக்கும் நடுவே வைக்க ஒரு கனத்த தகடு வேண்டும் என்று அட்டையில் ஓட்டை போட்டு அளவு கொடுத்தார். கலியன் திண்டிவனம் லேத்தில் அதைக் கடைந்து வாங்கி வந்தான். டீசல் இன்ஜின் குடித்தது போக மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். அதற்காக டேங்குக்கு இரண்டாவதாக ஒரு குழாய் வைத்தார். இருபது நாள் ஆனது. நடுவில் ஆறு நாள் மழை.

இன்ஜினை உட்கார வைக்க நாலு ரப்பர் வேண்டும். அடியில் ரப்பர் இருந்தால்தான் அதிர்வு வண்டிக்குள் ஏறாது. கலியன் புது ரப்பராகவே வாங்கி வந்தான். பஞ்சநாதன் மாட்டினார். ஸ்டார்ட் ஆனது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கலியனை ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார்.

காலில் ஒன்றும் ஏறவில்லை. சீட்டைப் பிடித்தார், கதவைப் பிடித்தார், ஒன்றும் வரவில்லை. வண்டி போகிறது, மரம் பின்னால் போகிறது, இன்ஜின் மட்டும் செத்துக் கிடப்பது போல இருந்தது. மூடிய பானட்டுக்குள் அது என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. காது போன நாளில்கூட அவர் அப்படிப் பயந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாலு ரப்பரையும் கழற்றினார். கொட்டகையில் மாட்டுவது போல, இரும்பின் மேல் இரும்பை வைத்து போல்ட்டை இறுக்கினார்.

"இன்னா மாமா, ரப்பர் வேணாவா?" என்றான் கலியன்.

"உப்புக் காத்துக்கு ரப்பர் நிக்காது."

கலியன் ஒத்துக்கொண்டான். பஞ்சநாதன் சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அதுதான் தப்பாகப் போனது.

தை பிறந்து நாலாம் நாள் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலில் வண்டிக்குப் பூசை. முன்னால் கலியனும் ராஜாங்கமும். பின்னால் ராஜாங்கத்தின் மனைவி திரௌபதி மடியில் பூசைத் தட்டோடு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பாப்பாத்தி, ஓரத்தில் பஞ்சநாதன். வண்டியை ஸ்டார்ட் செய்ததுமே தட்டில் இருந்த எலுமிச்சம்பழங்கள் ஆடத் தொடங்கின.

"இன்னாப்பா, உட-உட-உடம்பெல்லாம் ஆடுது?" என்றார் ராஜாங்கம்.

"டீசல்னா அப்டித்தான் மொதலாளி" என்றான் கலியன். அவனுக்கும் பல் தந்தியடித்தது.

பஞ்சநாதன் கண்ணை மூடிக்கொண்டார். பாதம், முதுகு, பிடரி எல்லாவற்றிலும் இன்ஜின் ஏறி வந்தது. நாலு சிலிண்டரும் ஒன்று போல வேலை செய்தன. தான் மாட்டிய இன்ஜின் ரோட்டில் போகிறது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பாப்பாத்தி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

கோயில் வாசலில் ராஜாங்கமே எட்டிச் சாவியைத் திருப்பிக் கையில் எடுத்தார். இன்ஜின் நிற்கவில்லை. சாவியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"சாமி வந்துடுச்சா?" என்றாள் திரௌபதி.

டீசலுக்குச் சாவி போதாது, கம்பியை இழுத்தால்தான் நிற்கும் என்று கலியன் காட்டிக்கொடுத்தான். கற்பூரம் காட்டி, சக்கரத்தில் பழம் நசுக்கி, திரும்பப் புறப்பட்டார்கள்.

புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் முன்னாலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் தகரத்தை ஆணியால் கீறுவது போல இருந்தது. போகப் போக, டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுவது போல ஆனது. கலியன் கண்ணாடியில் பஞ்சநாதனைப் பார்த்தான். அவர் சிரித்த முகத்தோடு கண்ணை மூடியிருந்தார்; வண்டியே ஆடிய ஆட்டத்தில் இந்த உரசல் அவர் காலுக்குத் தனியாக எட்டவில்லை. சரி, டீசல் இப்படித்தான் போலிருக்கிறது என்று மிதித்தான். ராஜாங்கம் திரும்பிப் பார்த்தார். பஞ்சநாதனுக்குத் தெரியாததா என்று முன்னால் திரும்பிக்கொண்டார். திரௌபதியோ காதைப் பொத்திக்கொண்டாள்.

அது நல்ல சத்தம் இல்லை என்று பாப்பாத்திக்குத்தான் தெரிந்தது. அத்தனை பேர் நடுவில் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் வண்டி போய்விடும். ராஜாங்கம் மறுபடி திரும்பினார்.

"ஏம்பா, இது இன்னா சத்தம்?"

பஞ்சநாதன் கண்ணைத் திறக்கவில்லை.

"யோசிக்கிறாரு" என்றாள் பாப்பாத்தி.

"இன்னும் எவ்ளோ நேரம்மா யோசிப்பாரு?"

அனுமந்தை தாண்டியதும் பஞ்சநாதன் மூக்கு விடைத்தது. வெந்த தண்ணீரின் வாடை. "நிறுத்து! நிறுத்துடா கலியா!" என்று கத்தினார். கலியன் கம்பியை இழுத்தான்.

பானட்டைத் திறந்தால் ஆவி. அதிர்ந்து அதிர்ந்து இன்ஜினைத் தாங்கிய பிடி ஒரு பக்கம் வெடித்திருந்தது. இன்ஜின் முன்னால் சரிந்து, விசிறி ரேடியேட்டரைத் துருவியிருந்தது, தேங்காய் துருவுவது போல. ரேடியேட்டரில் வட்டமாக ஒரு பள்ளம். தண்ணீர் எல்லாம் ரோட்டில் ஓடியது.

பஞ்சநாதன் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். ஒரு நிமிஷத்தில் ஆகிற பள்ளம் இல்லை அது. மற்றவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எவ்ளோ நேரமா கத்துது?"

"கோயில்லேர்ந்து மாமா."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

பாப்பாத்தி வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குக் காது கேக்காது மொதலாளி. பத்து வருஷமாச்சு. ரப்பர் வெச்சா இன்ஜின் கால்ல தெரியல. அதான் எடுத்துட்டேன். உப்புக் காத்து இல்ல, ஒண்ணும் இல்ல."

ராஜாங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். மறுபடி அவிழ்த்துவிட்டார்.

"பத்து வருஷமா நான் உங்கிட்ட பேசினேனே, அதெல்லாம்?"

"பாதி அவ சொல்லுவா."

"மீதி?"

"தலைய ஆட்டிடுவேன்."

ராஜாங்கம் அந்தப் பத்து வருஷத்தில் பஞ்சநாதனிடம் அளத்துத் தகராறு, தம்பியோடு வந்த சண்டை, மூலம் அறுத்தது எல்லாம் சொல்லியிருந்தார். இவன் ஒருத்தன்தான் பொறுமையாகக் கேட்கிறான் என்று வீட்டில் பெருமையாகவும் பேசியிருந்தார். திரௌபதி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சிரித்தாள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

உப்பு மூட்டை இறக்கிவிட்டு வந்த டிராக்டர் ஒன்று கயிறு கட்டி இழுத்துவந்தது. வழி முழுக்க ராஜாங்கம் பேசவில்லை. பேசி என்ன பிரயோசனம் என்று நினைத்திருக்கலாம்.

ஒரே வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. இந்த வருஷம் அளத்து இன்ஜின் எல்லாம் சரவணகுமாருக்குத்தான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பஞ்சநாதன் அதை உதட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து ஜீப்புக்கு வேறு ரேடியேட்டர் வைத்தார். பிடியைப் புதிதாக அடித்துப் பற்றவைத்தார். நாலு ரப்பரையும் எடுத்துத் துடைத்து மாட்டினார். கலியன் ஸ்டார்ட் செய்தான். பஞ்சநாதன் சீட்டில் உட்கார்ந்து பாதத்தை ஊன்றினார். முன்பு போலவே ஒன்றும் வரவில்லை. இறங்கினார். பத்து வருஷத்தில் கேட்காத கேள்வியைப் பாப்பாத்தியிடம் கேட்டார்.

"எப்டிக் கேக்குது?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே.

"பருப்பு வேகற மாதிரி இருக்குது" என்றாள், அவர் முகத்துக்கு நேராக. "நடுவுல ஒண்ணு மட்டும், மூடி தட்டற மாதிரி."

"எந்தப் பக்கம்?"

"உன் சோத்துக்கைப் பக்கம். அடியில இல்ல, மேல."

அவர் மேல் மூடியைக் கழற்றி, வலது கோடி வால்வை அரைத் திருகு திருகினார். மூடி தட்டுவது நின்றது. பருப்பு மட்டும் வெந்தது. கலியன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ராஜாங்கம் அதில் ஏறி ஊரைச் சுற்றிவிட்டு, "ஓடுது" என்று மட்டும் சொன்னாராம். திண்டிவனம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, வண்டிப் புத்தகத்தில் பெட்ரோலை டீசல் என்று மாற்றி வாங்கிவிட்டார்கள். அதையும் கலியன்தான் வந்து சொன்னான். முதலாளி வரவில்லை.

மாசி பிறந்தது. உப்புப் பாத்தியை மிதித்துக் கெட்டியாக்க ஆட்கள் இறங்கிவிட்டார்கள். பஞ்சநாதன் தினமும் காலையில் ஸ்பானர் பையை எடுத்து எண்ணெய் போட்டுத் திரும்ப மாட்டிவைத்தார். கூப்பிட யாரும் வரவில்லை. எட்டாம் நாள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

"பெரிய இன்ஜின் தண்ணி தள்ளல" என்றான் கலியன், கையாலும் காட்டி. "சரவணகுமார் ரெண்டு நாள் பாத்தாரு. பம்பு போச்சு, புதுசு வாங்குன்றாரு. மொதலாளி ஒங்கள இட்டார சொன்னாரு. ரெண்டு பேரையும்."

"என்னை எதுக்கு?" என்றாள் பாப்பாத்தி.

"ஒங்களதான் மொதல்ல சொன்னாரு அத்த."

"உலை வெச்சிருக்கேன். வடிச்சிட்டுதான் வருவேன். உங்க மொதலாளிக்கு அவசரம்னா வந்து வடிக்கச் சொல்லு."

அரை மணி நேரம் கலியன் இன்ஜினை நிறுத்தாமலே காத்திருந்தான். சோற்றை வடித்து, கையைத் துடைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். ஏறாமல் நின்றாள். தலையைச் சாய்த்தாள்.

"கலியா, அதை நிறுத்து. இந்தப் பக்கம் மறுபடி ஒண்ணு தட்டுது."

கலியன் கம்பியை இழுத்தான். உள்ளே பஞ்சநாதன் இது எதுவும் தெரியாமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.