மீன்கொத்திக்காக நான் உருவிய படச்சுருள்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோ நகரில் வீட்டு வேலை செய்தேன். அங்கே தங்குவதற்கான வதிவிட அனுமதி அப்போது கிடைத்திருக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து, நண்பன் அருளுடன் நகரின் பிரான்காச்சோ பகுதி ஆற்றங்கரையில் மீன்கொத்தி ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில், மன்னார் தீவில் பார்த்த அதே நீலம். அருகிலிருந்த பட்டறை வாசலில் நின்ற ஒருவன் எங்களையே உற்றுப் பார்த்தான். பிறகு பின்னாலேயே வந்தான்.

“உவன் பொலிஸ்காரன் போலக் கிடக்கு. கமராவை ஒளியடா,” என்றான் அருள்.

ஊரில் இராணுவச் சோதனைச் சாவடியில் படச்சுருளைக் கழற்றிக் கொடுத்துத் தப்பிய பழக்கம் எனக்கு. பின்னால் வந்தவன் வாய் திறக்குமுன் கமராவைத் திறந்து, சுருளை வெயிலில் உருவி நீட்டினேன்.

அந்த மனிதர் தலையில் கைவைத்தார். “ஐயோ, ஏன் இப்படிச் செய்தாய்? அந்தப் பறவை என் பட்டறைக்குப் பின்னால் தினமும் வரும், அங்கே வந்து எடு என்று சொல்லத்தான் வந்தேன்!”

வெளிச்சம் பட்டு முப்பத்தாறு படங்களும் போயின. அன்றிலிருந்து யார் பின்னால் வந்தாலும் முதலில் நானே வணக்கம் சொல்கிறேன். கமராவின் பின்மூடியை விரலால் அழுத்திப் பிடித்தபடிதான்.