பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்த இசக்கிபாண்டி

ஒரகடத்தில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் இசக்கிபாண்டி ஃபிட்டர். சேரப்பணஞ்சேரியில் ஒற்றை அறை வாடகை வீடு, மனைவி சந்திரலேகா, மூன்று மாதப் பெண் குழந்தை. அந்தப் பிள்ளைமேல் அவனுக்கு இருந்த பித்தைச் சொல்லி மாளாது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அதற்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவன் வேலை. அதைப் பெற்றவளுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டான்.

ஆனால் பத்து நாளாகக் குழந்தையின் முதுகும் தொடையும் சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்தது. எண்ணெயை மாற்றினார்கள், குளிக்கிற சோப்பை மாற்றினார்கள். ஒன்றுக்கும் மசியவில்லை.

"இனிமே நீங்க பிள்ளையத் தொடாதிய. ஒரு வாரம் பாப்பேன், சரியாவலைன்னா ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருவேன்" என்றாள் சந்திரலேகா. அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனாலும் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி. நர்ஸ் காவேரி குழந்தையைப் பார்த்தாள். பிறகு கூட வந்திருந்த இசக்கிபாண்டியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"கைய இன்னாத்துல கழுவுற?"

அவன் பெருமையாகவே சொன்னான். கம்பெனியில் கிரீஸ் போக்க வைத்திருக்கும் பசையை இரண்டு வாரத்துக்கு முன் ஒரு டப்பாவில் வீட்டுக்கே கொண்டு வந்திருக்கிறான். பிள்ளையைத் தொடுமுன் அதைப் போட்டு மூன்று தடவை தேய்ப்பான்.

காவேரி தலையில் அடித்துக்கொண்டாள். "அறிவு கீதா உனக்கு? கிரீஸையே கரைக்கிறத பச்சப்புள்ள தோலு தாங்குமா? உன் கையில ஒட்டிக்கினு எண்ணெயோட சேந்து அது மேல ஏறுது. தோலுதான் கொழந்தைக்கு வேலி, அது வெடிச்சா கிருமி பூந்துடும். சாதா சோப்பு போட்டுக் கழுவு. புள்ளைக்கு ஆறினப்புறம் எண்ணெய மெதுவா தேய், தோலு காயாம இருக்கும். அதுக்காவ ஊசிய வுட்டுடாத, நோய்க்கு அதான் காவல்."

டப்பாவை அன்றே குப்பையில் போட்டான்.

ஒரு வாரத்தில் சிவப்பு வாடி, தோல் மழமழவென்று ஆகிவிட்டது. அப்போதும் அவன் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான். தன் கைமேலேயே அவனுக்குப் பயம்.

சந்திரலேகா வந்தாள். அவன் உள்ளங்கைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். பசை வாடை இல்லை. அவற்றில் எண்ணெயை ஊற்றினாள்.

"வந்து தேய்ங்க. ஆறினதுல இருந்து நானும் தேய்ச்சுப் பாத்துட்டேன், எங்கிட்ட அவ ஒறங்கவே மாட்டேங்கா."