சூளைக்குள் அம்மா

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருப்பது நான்காவது மாடி. அம்மா லிஃப்டில் ஏறமாட்டாள். குளிக்கும்போதுகூடக் கதவைத் தாழிடமாட்டாள். வெளியே பூட்டிக்கொண்டு போனால் அலறிவிடுவாள். அவளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாததால் வேலையை விட்டேன். பால் வாங்கப் போனாலும் ஓடிப்போய் ஓடி வருகிறேன்.

காரணம் தெரியாமல் இல்லை. எங்கள் ஊர் விருத்தாசலத்துக்கு அப்பால், நாற்பது வீடுகள். ஊறுகாய் ஜாடி செய்யும் பீங்கான் கம்பெனி ஒன்று இருந்தது. மூடிப் பல வருடங்களாகின்றன. அப்பாவுக்கும் அங்கேதான் வேலை. அம்மா சூளைக்குள் ஜாடி அடுக்கினாள். சூளை ஓர் அறை அளவு இருக்கும். அடுக்கி முடித்ததும் வாசலைச் செங்கல்லால் அடைத்து, மண் பூசிவிட்டுத்தான் தீ வைப்பார்கள். ஒருநாள் காய்ச்சலோடு போனவள் ஜாடிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது வாசல் இல்லை. ஜாடி மூடிகளை எடுத்து, அவை ஒவ்வொன்றாய் உடைய உடைய, சுவரைத் தட்டியிருக்கிறாள். தீ மூட்ட வந்தவர் காதில் விழுந்ததால் பிழைத்தாள். அடைத்தவர் யாரோ வெளியூர்க் கொத்தனார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

போன மாதம் கண்புரை ஆபரேஷனுக்காக அவளைக் கீழே அழைத்துப்போக வேண்டியிருந்தது. வாட்ச்மேன் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் கீது ஆயா. நானும் கூட வரேன், ஏறு."

அம்மா படிப்பக்கம் திரும்பிவிட்டாள். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"எவனோ ஒரு கொத்தனார் பாக்காம அடைச்சதுக்கு இன்னும் எத்தனை வருஷம்மா நான் இப்படிக் கிடக்கிறது?"

"கொத்தனாரு இல்ல," என்றாள். "உங்கப்பாதான்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"உள்ள பாத்தியான்னு மேஸ்திரி கேட்டதுக்கு, பாத்துட்டேன்னு சொல்லியிருக்காரு. அவரு வேல போனா கம்பெனி வீடும் போயிடும். நாந்தான் யாருக்கும் தெரியாம ஒளிஞ்சு படுத்துட்டேன்னு சொன்னேன். என்னைய வேலய விட்டு நிறுத்திட்டாங்க."

"அப்பா உங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரா?"

"எங்க கேட்டாரு? அதுக்கப்பறம் வீட்டுக் கதவச் சாத்தவே விடமாட்டாரு."

அது எனக்கும் நினைவிருந்தது. அடைமழையிலும் கதவு திறந்தே கிடக்கும். நாய்கள் கூடத்தில் வந்து படுத்துக்கொள்ளும். அப்பா சாகும்வரை அப்படித்தான்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. திரும்பி மேலே ஏற ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆதம்பாக்கத்தில் தரைத்தளமாக ஒரு வீடு தேடுகிறேன், அமையவில்லை. அப்பாவை நினைத்தால் கோபம் வருகிறது, யாரிடம் காட்டுவதென்று தெரியவில்லை. அம்மாவிடம் மட்டும் அதன்பின் நான் கத்துவதில்லை.