மச்சான் பதம் பார்த்த ஆப்பிள் டார்ட்

மண்ணெண்ணெய் ஸ்டவ் வாடையும் சர்க்கரை சிவக்கிற வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும், தெரியுமா? 1997-ல் திண்டிவனத்தில் எங்கள் ஒற்றை அறை வீடு அப்படித்தான் மணக்கும்...

அப்போது எனக்குப் பாண்டிச்சேரியில் ஒரு ரெஸ்டாரண்ட் கிச்சனில் வேலை. அங்கே கற்றுக்கொண்டதுதான் டார்ட் என்கிற இந்த பிரெஞ்சுப் பலகாரம். அடியில் சிவக்கக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு, மேலே ஆப்பிள் துண்டுகள், அதற்கும் மேலே சீஸ் துருவிப் போட்டுப் பிசைந்த மைதா மாவு. மணல் போட்ட அலுமினியக் குண்டானுக்குள் வைத்து வேகவிடுவேன். வெந்ததும் சூட்டோடு தட்டில் கவிழ்த்துவிட வேண்டும்.

"ஆப்பிளுக்குப் போயி எதுக்குங்க சீஸு?" என்று என் மனைவி செல்வி எப்போதும் கிண்டலடிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளே சீஸைத் துருவிக் கொடுத்தாள். அவளுடைய அண்ணன், வீட்டில் கடைசித் தங்கச்சியின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வருகிறார். நாங்கள் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணி இரண்டு வருஷம். அவர் முகையூர் பக்கம் கரும்பு போட்டு, சொந்தமாக வெல்லம் காய்ச்சுகிறவர். "பத்திரிகை வெப்பேன். ஆனா அவ வூட்ல கை நனைக்க மாட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாராம்.

அண்ணன் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். செல்விக்கு அது போதும்.

டார்ட்டை இறக்கவும் அவர் பைக் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இருவரும் வாசலுக்கு ஓடிவிட்டோம். தாம்பூலத்தோடு பத்திரிகையைக் கொடுத்தார். செல்வியிடம் நாலு வார்த்தை பேசினார். என் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"சரி, வர்றேன்."

"கொஞ்சம் இருண்ணா..." செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் உள்ளே ஓடி டார்ட்டைக் கவிழ்த்தேன். ம்ஹூம், விழவில்லை! ஆறிப்போய் பாகு இறுகிவிட்டது. கரண்டியால் டொம் டொம் என்று தட்டினேன்.

சத்தம் கேட்டு மனுஷன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"ஐயே, இன்னா மாப்ள இப்டி தட்டிக்கினு இருக்கீங்க? பாகு புடிச்சிக்கிச்சி. ஜல்தியா அனல்ல காட்டுங்க!"

மாப்ள! இரண்டு வருஷத்தில் முதல் தடவை...

அவரே பாத்திரத்தைப் பிடுங்கி, ஸ்டவ் மேல் சுற்றிச் சுற்றிக் காட்டிக் கவிழ்த்தார். தொப்பென்று விழுந்தது. நாலைந்து ஆப்பிள் துண்டு உள்ளேயே தங்கிவிட்டது. ஓரத்தில் வழிந்த பாகை விரலால் வழித்து நாக்கில் வைத்தார். வெல்லம் காய்ச்சுகிறவரால் பதம் பார்க்காமல் இருக்க முடியுமா?

"லேசா தீஞ்சிட்டுதே... கசக்குது."

"அது அப்டித்தான் மச்சான்" என்றேன்.

கை நனைத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது. செல்வி விடுவாளா? ஒரு துண்டைப் பிய்த்து, "வேணாம், வேணாம்" என்றவர் வாயில் அழுதுகொண்டே வைத்துவிட்டாள். அவர் மென்றுகொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது விழுப்புரத்தில் சொந்த வீடு, கண்ணாடிக் கதவு வைத்த ஓவன். மச்சான் வந்தால் நேராகக் கிச்சனுக்குத்தான் போவார். ஆனால் சுகர் வந்து, போன வருஷம் காலில் ஒரு விரலையே எடுத்தாயிற்று. செல்வி அவருக்கு வெட்டுகிற துண்டைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்கணும்.

போன வாரம் பெரிய சண்டை.

"அன்னிக்கி வேணாம்னவனுக்கு வாயில வெச்சி ஊட்டுன. இன்னிக்கி நானே கேக்குறேன், தரமாட்டேன்றியே!"

"அப்ப நீ சாப்ட்டா போதும்னு இருந்துச்சி. இப்ப நீ இருந்தா போதும்ணா. டீ ஆறுது பாரு, குடி" என்றாள் செல்வி.