கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டவர்

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். வழக்கமாக நீட்டும் சுற்றறிக்கை நோட்டு கையில் இல்லை. மரகதம் டீச்சர் விடியற்காலையில் தவறிவிட்டார் என்றும், அவருடைய தம்பி இப்போதுதான் போன் செய்தார் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். நெஞ்சுவலி என்று பதினைந்து நாளாக மருத்துவ விடுப்பில் இருந்தவர்தான். தேறிவிட்டேன், சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், இந்த ஒரு முறை எங்களை ஏமாற்றிவிட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மயிலாப்பூரில் உள்ள எங்கள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி என்றால் தையல் ஒன்றுதான் என்றிருந்த காலத்தில், வீட்டு மின்கருவிகளைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்க வந்தவர் மரகதம் டீச்சர். தரமணியில் டிப்ளமோ படித்தவர். சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகைதான் அவருடைய வகுப்பறை. அங்கே பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கணக்கில் என்னிடம் திணறியவர்கள். ஆகவே அந்தக் கொட்டகை நிரம்பியதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

வந்த முதல் வாரமே ஆசிரியர் அறைக்குள் நுழைந்து, யார் வீட்டிலாவது செத்துப்போன மிக்சி இருந்தால் கொண்டுவரும்படி கேட்டார். நான் கொடுத்த மிக்சி பத்து நாளில் உயிரோடு திரும்பி வந்தது. கூடவே ஒரு காகிதப் பொட்டலத்தில் இரண்டு திருகாணிகளும் வந்தன.

"இது எங்க இருந்துச்சுன்னு பொண்ணுங்களுக்குத் தெரியலை. ஆனா ஓடுது. பத்திரமா வெச்சுக்கோங்க" என்றார்.

அந்த மிக்சியில்தான் எங்கள் வீட்டில் இன்றும் சட்னி அரைபடுகிறது.

ஒரு நாள் அவருடைய வகுப்பை வேடிக்கை பார்க்கப் போனேன். ஒரு பெண் இஸ்திரிப் பெட்டியைத் திறக்கத் தெரியாமல் அரைமணி நேரமாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். இவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, கோயிலைச் சுற்றி வருபவர் போல அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு தடவை செய்து காட்டினால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டுவிட்டேன். "என் கை சும்மா இருக்காது டீச்சர். அதான் கட்டி வெச்சிருக்கேன்" என்றார். ஷாக் அடிக்கும் என்று தெரிந்தால் மட்டும் அந்தக் கை எங்கிருந்துதான் அவ்வளவு வேகமாக வருமோ, சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடியும் பின்னால் போய்விடும்.

இனி வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் வந்த மூன்றாம் ஆண்டு, பள்ளிக்குக் கம்ப்யூட்டர் அறை வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. இடம் இல்லை. கொட்டகையை இடித்துவிடலாம், அந்தப் பிரிவையே மூடிவிடலாம் என்று ஆசிரியர்கள் சார்பில் ஒரு மனு தயாரானது. எழுத்து அழகாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். முதல் கையெழுத்தும் நானே போட்டேன். பிரிவை மூடினால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மனுவை விசாரிக்கக் கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். பிரிவு இருப்பதும் போவதும் அவர் எழுதப்போகும் குறிப்பில் இருந்தது. தலைமையாசிரியை அறையில் அவரை உட்கார வைத்து மின்விசிறியைப் போட்டோம். அது முந்தின நாள் மாலைதான் கொட்டகையில் சரிசெய்யப்பட்டு மாட்டப்பட்டிருந்தது. நன்றாகத்தான் சுற்றியது. காற்று மட்டும் வரவில்லை. அதிகாரி கைக்குட்டையை எடுத்து முதலில் நெற்றியைத் துடைத்தார், பிறகு கழுத்தை, பிறகு கண்ணாடியைக் கழற்றி மூக்கை. மின்விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உத்தரத்தில் இருந்த பல்லிக்கு நல்ல காற்று.

தலைமையாசிரியை மரகதம் டீச்சரை வெளியே அழைத்தார். "அவர் வேர்த்துக் கொட்டிண்டு உக்காந்திருக்கார். லஸ் கார்னர்லேர்ந்து எலக்ட்ரீஷியனை வரச் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மரகதம் டீச்சர் அந்த மின்விசிறியை மாட்டிய அஞ்சலையைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊரூர் குப்பத்திலிருந்து வரும் பெண். மேசைமேல் ஸ்டூலைப் போட்டு அவள் ஏற, இவர் ஸ்டூலைக்கூடப் பிடிக்கவில்லை. நான்தான் ஓடிப்போய்ப் பிடித்தேன். மனு எழுதிய கையால் ஸ்டூல் பிடித்த பெருமை எனக்கு உண்டு.

என்ன ஆயிற்று என்று அதிகாரி கீழேயிருந்து கேட்டார்.

"கண்டென்சர் ஒயர மாத்திக் குட்த்துட்டேன் சார். அதான் ரிவர்ஸ்ல சுத்திக்கினு கீது. தப்பு என்னுதுதான்" என்றாள் அஞ்சலை. சொல்லிக்கொண்டே ஒயரை மாற்றிப் போட்டாள்.

அதிகாரி மரகதம் டீச்சரிடம் திரும்பி, நீங்களே செய்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்குமே என்றார்.

"நான் பண்ணா உங்களுக்குக் காத்து வரும் சார். இவளுக்கு என்ன வரும்?"

காற்று வந்தது. அதிகாரி அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கதை முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மறுவாரம் அவருடைய ஜீப் டிரைவர் ஒயர் கூடையில் ஒரு மிக்சியைச் சுமந்துகொண்டு வந்தார். அதிகாரியின் வீட்டம்மா கொடுத்தனுப்பினார்களாம். ஒரு மாதம் கழித்து, பிரிவு தொடரலாம் என்று உத்தரவும் வந்தது.

உத்தரவு வந்த அன்று மாலை மரகதம் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மனு ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க டீச்சர். படிச்சப்போ எனக்கே மூடிடலாம்னு தோணிச்சு" என்றார். கேலியில்லை, நிஜமாகவே பாராட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதோடு விட்டாரா? வாரம் ஒரு பீரியட் கொட்டகைக்கு வந்து, தன் பெண்களுக்கு ஓம் விதிக் கணக்கு போடச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். போனேன். நான்கு ஆண்டுகள் போனேன். என் பரீட்சையில் முப்பதைத் தாண்டாத அஞ்சலை அங்கே மனக்கணக்காக விடை சொன்னாள். இத்தனை வருடம் கணக்கை எங்கே வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்தது. இப்போது அவள் அடையாறில் மோட்டார் வைண்டிங் கடையில் இருக்கிறாள். செய்தி கேட்டதும் டீச்சரின் மந்தைவெளி வீட்டுக்கு வேலை உடுப்போடு ஓடிவந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

வியாழக்கிழமை பள்ளி மைதானத்தில் இரங்கல் கூட்டம். தலைமையாசிரியை இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, கொட்டகையிலிருந்து கர்ரென்று ஒரு சத்தம் கேட்டு நின்றது. மறுபடியும் கேட்டது, நின்றது. விடுப்பில் போகும்முன் மரகதம் டீச்சர் கொடுத்திருந்த கிரைண்டர் மோட்டாரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களுக்கு மணி அடித்தது காதில் விழவில்லை போலிருக்கிறது. மூன்றாவது முறை சத்தம் நிற்கவே இல்லை. மோட்டார் சீராக ஓடியது. அதற்கும் மேலே, "ஓடுதுடி" என்று ஒரு கூச்சல்.

அலுவலக உதவியாளர் பதறிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போகக் கிளம்பினார். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரைக் கைகாட்டி நிறுத்தினார். மீதி மௌனம் முழுக்க அந்த மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

போய் வாருங்கள், டீச்சர். உங்கள் கொட்டகையில் சத்தம் தாங்க முடியவில்லை.