பேரன் வந்த கன்னம்

ஐந்தாம் மாதத்தில் என் கன்னங்களில் மங்கு படர்ந்தது. கர்ப்பத்தில் பலருக்கும் வருவதுதான் என்றார் டாக்டர். மாமியார் அதைக் காதில் வாங்கவே இல்லை.

“மொகம் கறுத்தாப் பையன்தானுங்க” என்று புதுச்சத்திரம் ஊர் முழுக்கச் சொல்லி வந்தார்.

வளைகாப்பில் சந்தனம் பூச வந்த பெண்கள், பூசுவதற்கு முன் என் தாடையைத் தூக்கி, மாம்பழம் வாங்குவதுபோல இரு கன்னத்தையும் திருப்பிப் பார்த்தார்கள். கல்யாணத்தன்றுகூட என் முகத்துக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. படத்தில் அந்தக் கருமையை அழித்துவிடட்டுமா என்று கேட்ட போட்டோக்காரரிடம், “அதைத் தொடாதீங்க சாமி, அப்படியே இருக்கட்டும்” என்றார் மாமியார்.

மகள் பிறந்தாள். மங்கு போகவில்லை.

ஆல்பத்தைப் புரட்டிய மாமியார் வளைகாப்புப் படத்தில் என் கன்னத்தின் மேல் விரலை வைத்தார். “மொட்டவெயில்ல சுத்தாதேன்னு அப்பவே சொன்னேன், கேட்டியா?”